மிதித்தும் விரையாத மகிழுந்து

பத்து பகாட்டில் தொடங்கும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலை, ஆயர் ஈத்தாம், குளுவாங் ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே ஜெமாலுவாங் வரை செல்கிறது. மெர்சிங் கடற்கரைக்குப் போகும் குளுவாங் வட்டாரக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தச் சாலையைத்தான் பயன்படுத்துகின்றன. குளுவாங்கைத் தாண்டியபின் சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து செல்லும் லாரிகளும் ஏராளம். போக ஒரு தடம், வர ஒரு தடம் என்றிருக்கும் இடங்களில், முன்னே செல்லும் லாரியை முந்த விரும்பும் ஓட்டுநர் எதிர்த்தடத்தில் சில விநாடிகள் இருந்தாக வேண்டும்.

அந்தச் சில விநாடிகளை ஓட்டுநர் தம் மகிழுந்தை நம்பியே கணக்கிடுகிறார். மிதித்தவுடன் வண்டி விரையும் என்று அவர் எதிர்பார்க்கிறார். மிதித்தபின் ஒன்றரை விநாடி வண்டி தயங்கி நின்றால் என்ன ஆகும்? மகிழுந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திலும், எதிரே வரும் வாகனம் 90 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொண்டால், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 44 மீட்டர் குறைகிறது. ஒன்றரை விநாடியில் 66 மீட்டருக்கும் மேல் குறைந்துவிடும். பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓட்டப் பாதையின் மூன்றில் இரண்டு பங்கு அது. ஆகவே, ‘வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக்கூடிய பழுதன்று இது.

மலேசியத் தமிழர் பேச்சு வழக்கில் முடுக்கியை மிதிப்பதை ‘எண்ணெய் அமுக்குவது’ என்பர். அந்தச் சொல்லில் ஒரு சிறு பிழை உண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் அந்த மிதி நேரடியாக எண்ணெயைத் திறப்பதில்லை, காற்றைத்தான் திறக்கிறது. மிதியை அழுத்தும்போது, இயந்திரத்தின் நுழைவாயிலில் இருக்கும் வட்டமான தகடு ஒன்று திரும்பி வழிவிடுகிறது. இதனைத் துரோட்டல் தகடு என்பர். உள்ளே எவ்வளவு காற்று வருகிறது என்பதை உணரிகள் அளந்து கணினிக்குச் சொல்ல, அதற்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் கணினி பீய்ச்சச் செய்கிறது. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. வேறு விதமாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க இயந்திரம் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை உறிஞ்சியாக வேண்டும்.

காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய நேரத்தில் உரிய அளவில் சேர்ந்தால்தான் விசை பிறக்கும். பிறந்த விசையைப் பற்சக்கரப் பெட்டி சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இந்த வழியில் எங்கே தடை ஏற்பட்டாலும் ஓட்டுநரின் காலுக்குத் தெரிவது ஒன்றே: மிதித்தும் வண்டி விரையவில்லை. காய்ச்சலுக்குப் பல நோய்கள் காரணமாவதைப் போன்றது இது. காய்ச்சல் கண்டவுடன் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்குவது எப்படித் தவறோ, அப்படியே வண்டி தயங்கியவுடன் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவதும் தவறு.

பழைய மகிழுந்துகளில் இந்தத் தயக்கம் இன்னும் எளிதாகப் புரியக்கூடியதாக இருந்தது. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகாவில் கணினி இல்லை. கார்புரேட்டர் என்னும் கலவைக் கருவி இருந்தது. திடீரென்று மிதிக்கும்போது காற்று சட்டென்று உள்ளே பாய்ந்துவிடும். அதைவிடக் கனமான பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பவே கார்புரேட்டருக்குள் ஒரு சிறிய எக்கி இருந்தது. மிதித்த கணத்தில் அது சிறிதளவு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். அதிலுள்ள ரப்பர்ச் சவ்வு காய்ந்து கிழிந்தால், மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் மூச்சடைத்து நின்று, பிறகே பாயும். அக்காலப் பட்டறைக்காரர்கள் கார்புரேட்டரின் மூடியைத் திறந்து, கையாலேயே முடுக்கிக் கம்பியை இழுத்து, பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. கண்ணால் பார்க்கக்கூடியது குறைந்துவிட்டதால், காரணத்தை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை கூடிவிட்டது.

பட்டறைக்குப் போகும் முன்பே குடும்பத்தினர் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அது பணம் கேட்காத சோதனை; ஆனால், பழுதின் பாதி வழியை அதுவே காட்டிவிடும். ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் அளவிகளில், இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் முடுக்கியை மிதிக்கும்போது, பக்கத்து இருக்கையில் இருப்பவர் அந்த முள்ளைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

முள்ளும் ஏறவில்லை, வண்டியும் விரையவில்லை என்றால், குறை இயந்திரத்தில் இருக்கலாம். காற்றோ எரிபொருளோ தீப்பொறியோ போதவில்லை. மாறாக, முள் மளமளவென்று ஏறி, இயந்திரம் உறும, வண்டி மட்டும் பின்தங்கினால், விசை பிறக்கிறது; வழியில் வழுக்குகிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது பற்சக்கரப் பெட்டியையும், கைக்கியர் வண்டியானால் கிளட்ச் தகட்டையும்தான். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளரைப் பட்டறையில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆனால், எல்லாத் தயக்கமும் பழுது ஆகாது. தானியங்கிக் கியர் வண்டியில் மிதியைத் தரை வரை அழுத்தினால், பெட்டி முதலில் கீழ்க்கியருக்கு இறங்க வேண்டும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். 2021ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த பெரோடுவா அத்திவாவிலும், அவ்வாண்டு நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட மைவியிலும் படிக்கியர்களுக்குப் பதிலாகச் சி.வி.டி. எனப்படும் பட்டை வகைப் பெட்டி பொருத்தப்பட்டது. இவ்வகைப் பெட்டியில் இயந்திரத்தின் ஒலி முதலில் உயர்ந்து, வேகம் அதன் பின்னால் நழுவி வருவதுபோல் தோன்றும். நான்கு கியர் தானியங்கி வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகியவர் இதைப் பழுதென்று எண்ணக்கூடும். வண்டி வாங்கிய நாள்முதல் இருக்கும் இயல்பா, அண்மையில் புதிதாக வந்த மாற்றமா என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி. எரிபொருள் சிக்கனத்துக்கான ‘எக்கோ’ பொத்தான் தெரியாமல் அழுந்தியிருப்பதும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த கால்மிதியடிகள் முடுக்கியை முழுவதும் இறங்கவிடாமல் தடுப்பதும் உண்டு. சிரிப்பை வரவழைக்கும் காரணம்தான். ஆயினும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. தடுப்பதோடு நிற்காமல், அழுந்திய மிதியை எழவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் அந்த மிதியடிகளால் நேரலாம்.

இயந்திரப் பக்கத்துக் குறை என்று தெரிந்தபின், தேடலைக் காற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். செலவும் உழைப்பும் அங்கேதான் குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருந்தால் இயந்திரத்துக்கு மூச்சு முட்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் நாள்தோறும் போய்வரும் வண்டிக்கு, நகரச் சாலையில் ஓடும் வண்டியைவிட வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். அதனைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். அடுத்தது துரோட்டல் தகடு. அதன் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் கரியும் எண்ணெய்ப் பசையும் படிந்து, முதல் அசைவில் தகடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக மிதிக்கும்போது வண்டி அசையாமல் இருந்து, இன்னும் சற்று அழுத்தியவுடன் வெடுக்கென்று பாய்ந்தால் இதற்கான வாய்ப்பு அதிகம். உரிய திரவத்தைத் தெளித்து மென்மையான துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், மின்விசையால் இயங்கும் தகட்டை விரலால் தள்ளிச் சுத்தம் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் சேதமடையலாம். சுத்தம் செய்தபின் தகட்டின் புதிய நிலையைக் கணினி மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டிய வண்டிகளும் உள்ளன.

எரிபொருளுக்கு வந்தால், பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின் எக்கி, எண்ணெயை அழுத்தத்துடன் இயந்திரத்துக்கு அனுப்புகிறது. பல மகிழுந்துகளில் இந்த அழுத்தம் ஏறக்குறைய 3 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு. எக்கி தளர்ந்தாலோ அதன் வடிகட்டி அடைத்தாலோ, சமவெளியில் மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. மேட்டில் ஏறும்போதும், குடும்பமே ஏறிச் சுமை கூடும்போதும், முந்தும்போதும்தான் தெரியும். தேவை மிகும் நேரத்தில் கைவிடுவது இப்பழுதின் குணம். எக்கி குளிர்வது தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயால்தான். எனவே, எண்ணெய் விளக்கு எரியும்வரை தொட்டியைக் காயவிடும் பழக்கம் அதற்கு நல்லதன்று.

தீப்பொறியின் கதை வேறு. நான்கு உருளை இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 முறை பொறி தர வேண்டும். பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டால், அல்லது அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள் பழுதுபட்டால், சில பொறிகள் தவறும். இயந்திரம் நடுங்கி நடுங்கி இழுக்கும். ‘பிளக்தானே, ஓடும்வரை ஓடட்டும்’ என்று விட்டுவிடுபவர் பிறகு பெருஞ்செலவைச் சந்திக்க நேரிடும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று, அங்குள்ள வினையூக்கிக் கலத்தில் எரியும். அந்த வெப்பத்தில் கலத்தின் உள்ளே தேன்கூட்டைப்போல் அமைந்த பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் போனால் புதிய காற்று உள்ளே வரவும் வழியில்லை. விலை குறைந்த பொருளின் பழுது விலை உயர்ந்த பொருளைக் கெடுப்பது இப்படித்தான்.

இதற்கிடையே, விலை கூடிய ரோன் 97 பெட்ரோலை நிரப்பினால் வண்டி ‘இழுக்கும்’ என்னும் நம்பிக்கையும் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. ரோன் என்னும் எண், பெட்ரோல் அழுத்தத்தில் தானாகவே வெடித்துவிடாமல் தாங்கும் திறனைக் குறிப்பது. அதிலுள்ள ஆற்றலை அன்று. ரோன் 95க்கு வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் அடைத்த வடிகட்டியையோ தேய்ந்த பிளக்கையோ அது சரிசெய்யாது.

குளுவாங் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் ஜொகூரில் ஏற்பட்ட பெருவெள்ளங்கள் குளுவாங் மாவட்டத்தையும் தாக்கின. வெள்ளநீர் புகுந்த வண்டியின் இருக்கைகளைக் காயவைத்து, தரைவிரிப்பை மாற்றிவிட்டால் வெளித்தோற்றம் சரியாகிவிடும். ஆனால், மின்கம்பி இணைப்புகளுக்குள் புகுந்த நீர் பச்சை நிறக் களிம்பு படியச் செய்து, மாதங்கள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் முடுக்கி மிதிக்கும் துரோட்டல் தகட்டுக்கும் இடையே கம்பிவடம் இல்லை. மிதியில் இருக்கும் இரண்டு உணரிகள் மின்குறிப்புகளை அனுப்புகின்றன. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கணினி ஓயாமல் சரிபார்க்கிறது. இணைப்பில் களிம்பு படிந்து குறிப்புகள் முரண்பட்டால், ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் கணினி விசையைக் குறைத்தே தரும். அது கணினியின் குறையன்று. தாறுமாறான குறிப்பை நம்பி வண்டியைப் பாயவிடாமல் காக்கும் ஏற்பாடு. எலி கடித்த கம்பியும் இதே விளைவைத் தரும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலிக்குப் பஞ்சமில்லை.

வண்டியின் கணினி தான் கண்ட குறைகளைக் குறியீடுகளாகப் பதிவு செய்து வைக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வண்டிகள் முதல் கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி.-2 என்னும் முறை, பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. ஓட்டுநரின் முழங்கால் அருகே உள்ள 16 முனை இணைப்பில் சிறு கருவி ஒன்றைச் செருகினால், அந்தக் குறியீடுகளைப் படிக்கலாம். பி 0300 என்றால் பல உருளைகளில் பொறி தவறுகிறது. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோலுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று மிகுந்திருக்கிறது. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். குறியீடு நோயின் அடையாளத்தைச் சொல்கிறதே ஒழிய, மாற்ற வேண்டிய பொருளின் பெயரைச் சொல்வதில்லை.

பி 0171 என்னும் அதே குறியீட்டோடு பட்டறைக்கு வரும் ஒரு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓட்டி வந்த அம்மையார், மலேசியரின் வழக்கப்படி ‘போர்மன்’ என்று அழைக்கப்படும் பழுதுபார்ப்பவரிடம் சொல்கிறார்: “அண்ணே, போன மாதம் பிளக் மாத்தியாச்சு, எண்ணெய் பம்பும் மாத்தியாச்சு. இன்னும் இழுக்கல.”

பொறுமையுள்ள போர்மன் கருவியைத் தேடுவதற்கு முன் கேள்வியைத் தேடுவார். “காலையில எடுக்கும்போதா அக்கா, சூடான பிறகா?”

“எப்பவும்தான். முன்னால போக மிதிச்சா தயங்குது. ஆனா, ரிவர்ஸ்ல மட்டும் ஒழுங்கா போகுது.”

இந்தக் கடைசிச் சொல்லில் விடை ஒளிந்திருக்கிறது. பிளக்கோ எக்கியோ கெட்டிருந்தால், வண்டி முன்னே போகிறதா பின்னே போகிறதா என்று அது பார்ப்பதில்லை. திசையைப் பொறுத்து மாறுவது எது? மிதிக்கும்போது, இயந்திரம் தன்னைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஒரு பக்கம் சாய்கிறது. பின்னோக்கிச் செல்லும்போது எதிர்ப்பக்கம் சாய்கிறது. தாங்கிகள் தேய்ந்திருந்தால் சாய்வு இன்னும் அதிகம். காற்றை அளக்கும் உணரிக்கும் துரோட்டலுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயில் விரிசல் இருந்தால், முன்னே செல்லும்போது அது வாய் திறக்கும். பின்னே செல்லும்போது மூடிக்கொள்ளும். திறந்த விரிசல் வழியே அளக்கப்படாத காற்று நுழைகிறது. கணினி அதை அறியாது. அளந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலையே தருகிறது. கலவை நீர்த்து, வண்டி தயங்குகிறது. போர்மன் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்கிறார். வெளியில் தெரியாத விரிசல் அடிப்பக்க மடிப்பில் இருக்கிறது. குழாயை மட்டும் மாற்றினால் போதாது. இயந்திரத்தை ஆட்டிக் குழாயைக் கிழித்த தாங்கியையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய குழாயும் சில மாதங்களில் அதே இடத்தில் கிழியும்.

முன்பு மாற்றிய பிளக்கும் எக்கியும் வீண் செலவா? பிளக் தேய்ந்திருந்தால் அன்று. எக்கியின் அழுத்தத்தை அளக்காமலே மாற்றியிருந்தால் ஆம். அழுத்தத்தை அளக்கத் தனி அளவி உண்டு. அளப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். எக்கியோ தொட்டிக்குள் இருக்கிறது, விலையும் கூடுதல். அளந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தரச் சொல்வதும் வாடிக்கையாளர் தயங்காமல் செய்யலாம்.

பற்சக்கரப் பெட்டியின் குறைகளைப் பொறுத்தவரை, வீட்டில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. பெட்டிக்குரிய எண்ணெய் குறைந்துள்ளதா, கருகிய வாடை வீசுகிறதா என்று பார்க்கலாம். சி.வி.டி. பெட்டிக்கும் படிக்கியர்ப் பெட்டிக்கும் எண்ணெய் வேறு; மாற்றி ஊற்றினால் பெட்டி கெடும். இயந்திரத்திலும் பெட்டியிலும் குறை இல்லாதபோது, சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். சற்று தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் வெப்பம் மிகுதியாக வீசினால், இயந்திரம் அந்தப் பிரேக்கோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பழுது நீக்கியபின் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் வெறும் வண்டியாக நகருக்குள். பிறகு, லம்பாக் மலையடிவாரம் போன்ற மேட்டுப்பாங்கான சாலையில். அதன்பின் வழக்கமான சுமையுடன் நெடுஞ்சாலையில். அழித்த குறியீடு உடனே திரும்பி வராவிட்டாலும், சில குறைகள் பல பயணங்களுக்குப் பிறகே கணினியின் கண்ணில் படும். எனவே, ஒரு வாரம் கழித்து மீண்டும் கருவியைச் செருகிப் பார்ப்பது நல்லது. அதுவரை மெர்சிங் சாலையில் லாரியின் பின்னாலேயே பொறுமையாகச் செல்லலாம். தோட்டத்துக் கிளைப்பாதை வந்ததும் லாரி தானே திரும்பிவிடும்.